லாரி பெர்மிட் தேர்வுக்கு எதைப் படிப்பது? சிடிஎல் கையேடு, மாதிரித் தேர்வு ஆப், ஆன்லைன் தியரி வகுப்பு: ஒரு மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் லாரி ஓட்டக் கற்றுக்கொள்ளும் பெர்மிட்டுக்கான எழுத்துத் தேர்வுக்கு, மாநில அரசு இலவசமாகத் தரும் சிடிஎல் (வணிக வாகன ஓட்டுநர் உரிமம்) கையேடு ஒன்றே போதும். கேள்விகள் வருவதே அந்தப் புத்தகத்திலிருந்துதான். காசு வாங்கும் ஆப்கள் அதையே துண்டு துண்டாக நறுக்கித் தருகின்றன. ஆனாலும் பலர் கையேட்டைத் திறந்து பத்துப் பக்கத்தில் மூடிவிட்டு ஆப்பைத் தேடிப் போகிறார்கள். அதற்கும் நியாயம் உண்டு. எதை முதலில் படிப்பது, எதைத் தாண்டிப் போவது, எந்த எண்ணை மனப்பாடம் செய்வது, எதைப் புரிந்துகொண்டால் போதும் என்பதையெல்லாம் அந்தப் புத்தகம் எடுத்துச் சொல்வதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டால் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுக்கலாம்.

முதலில் தேர்வைப் பற்றி. சிஎல்பி என்கிற இந்த பெர்மிட் நம்மூர் எல்எல்ஆர் மாதிரிதான், ஆனால் பத்து நிமிடத்தில் முடிகிற சமாச்சாரம் அல்ல. ஏ வகுப்பு உரிமம் வேண்டுமானால் மூன்று தாள்: ஜெனரல் நாலெட்ஜ், ஏர் பிரேக், காம்பினேஷன் (இழுவண்டியும் டிரெய்லரும் சேர்ந்த வண்டி). பெரும்பாலான மாநிலங்களில் முறையே 50, 25, 20 கேள்விகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 80 சதவீதம் எடுக்க வேண்டும். அதாவது 40, 20, 16. ஒன்றில் அதிகம் வாங்கி இன்னொன்றில் குறைந்ததை ஈடுகட்ட முடியாது. ஜெனரல் நாலெட்ஜ் என்றதும் டிஎன்பிஎஸ்சி ஞாபகம் வரவேண்டாம், இது முழுக்க முழுக்க வண்டி விஷயம். பி வகுப்புக்கு முதல் இரண்டு போதும். வண்டியில் ஏர் பிரேக் இல்லையென்றால் முதலாவது மட்டும்.

எது ஏ, எது பி என்பதிலேயே முதல் பொறி இருக்கிறது. 26,001 பவுண்டு, ஏறத்தாழ 11,794 கிலோ என்பது எல்லைக்கோடு. ஒற்றை வண்டி அந்த அளவைத் தொட்டால் பி. இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து அதைத் தொட்டு, டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டினால் ஏ. தராசில் காட்டும் எடை மட்டும் கணக்கில்லை; அதுவா, தயாரிப்பாளர் நிர்ணயித்த மொத்த எடைத் தகுதியா, எது அதிகமோ அதுதான். வண்டி காலியாக நின்றாலும் கணக்கு அதேதான். "காலி வண்டியைத்தானே ஓட்டுகிறார், சிடிஎல் வேண்டுமா?" என்று கேள்வி வந்தால் வழுக்கி விடாதீர்கள்.

கையேட்டின் உடம்பு

1986-இல் வந்த வணிக வாகனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னால் ஒரே ஓட்டுநர் நாலு மாநிலத்தில் நாலு லைசென்ஸ் வைத்துக்கொண்டு, ஒன்றில் தண்டனை வாங்கினால் இன்னொன்றைக் காட்டி ஓட்ட முடிந்தது. அந்தச் சட்டம்தான் ஒருவருக்கு ஒரே உரிமம் என்றாக்கி, நாடு முழுக்க ஒரே அடிப்படைத் தரத்தைக் கொண்டுவந்தது. அதனால்தான் டெக்சாஸ் கையேடும் நியூஜெர்சி கையேடும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. ஆம்வா என்ற மோட்டார் வாகன நிர்வாகிகள் சங்கம் தயாரித்த மாதிரியை எடுத்து மாநிலங்கள் தங்கள் சொந்த விதிகளைச் சேர்த்துக்கொள்கின்றன. பெரும்பாலும் பகுதி எண்கள்கூட மாறுவதில்லை.

மொத்தம் 13 பகுதிகள். தடிமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஏ வகுப்பு பெர்மிட்டுக்கு வேண்டியது 1, 2, 3, 5, 6 ஆகிய ஐந்துதான். 4-உம் 10-உம் பேருந்துக்காரர்களுக்கு. 11 முதல் 13 வரை ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு. பெர்மிட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். 7 இரட்டை, மும்மடி டிரெய்லருக்கு, 8 டேங்கருக்கு.

ஒன்பதாம் பகுதியான அபாயகரப் பொருள்கள்தான் பலருடைய நேரத்தைக் காவு வாங்குவது. அட்டவணையும் எச்சரிக்கைப் பலகையுமாகப் பெரும் பாரமான பகுதி அது. பெர்மிட் அட்டையில் ஏற்றக்கூடிய கூடுதல் அனுமதிகள் மூன்றே: பயணிகள், பள்ளிப் பேருந்து, டேங்கர். அபாயகரப் பொருளுக்கு அங்கே இடமே கிடையாது. அந்தத் தாளை எழுதுவதற்கு முன் பதிவு பெற்ற நிறுவனத்தில் தியரி பயிற்சி முடித்திருக்க வேண்டும். டிஎஸ்ஏ என்ற மத்தியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் பின்னணிச் சோதனையும் உண்டு. எனவே அந்தப் பக்கங்களை இப்போது தொடவே வேண்டாம்.

இரண்டாம் பகுதி: பாதி மதிப்பெண் இங்கேதான்

ஜெனரல் நாலெட்ஜ் தாளின் உயிர்நாடி இது. நீளமானது, எண்கள் கொட்டிக் கிடப்பது. ஆனால் எண்களில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கணக்குப் போட்டாலே வரும். நிற்கும் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 55 மைல் வேகத்தில் வண்டி வினாடிக்குச் சுமார் 81 அடி ஓடுகிறது. ஆபத்தைக் கண் பார்த்து மூளை உணர ஒன்றே முக்கால் வினாடி: 142 அடி. கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குப் போக முக்கால் வினாடி: 61 அடி. பிரேக் பிடித்து நிற்க 216 அடி. கூட்டினால் 419. ஏர் பிரேக் வண்டியில் காற்று குழாய் வழியாகப் போய்ச் சேரும் தாமதத்துக்கு இன்னும் 32 அடி சேர்த்தால் 450-ஐத் தாண்டுகிறது. ஐந்தாம் பகுதியில் 450 என்று பார்த்துவிட்டு "இரண்டாம் பகுதியில் 419 என்றதே, எது சரி?" என்று குழம்புகிறவர்கள் உண்டு. இரண்டும் சரிதான். கேள்வியில் ஏர் பிரேக் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

முன் வண்டிக்கு விட வேண்டிய இடைவெளியும் அப்படித்தான். வண்டியின் நீளத்தில் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு வினாடி. வேகம் 40 மைலைத் தாண்டினால் கூட ஒரு வினாடி. 40 அடி வண்டி 35 மைலில் போனால் 4 வினாடி. 60 அடி வண்டி 55-இல் போனால் 7. தேர்வில் இது ஏதாவதோர் உருவத்தில் வந்தே தீரும். அந்தக் கூடுதல் ஒரு வினாடியை மறப்பதுதான் வழக்கமான தவறு. 6 என்ற விடையை அதற்காகவே தூண்டில்போல வைத்திருப்பார்கள்.

வழுக்கும் சாலை: ஈரம் என்றால் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறை, இறுகிய பனி என்றால் பாதியாக்கு, கண்ணாடிப் பனிக்கட்டி என்றால் ஊர்ந்து போய் முடிந்த இடத்தில் நிறுத்து. தண்ணீரில் டயர் மிதப்பது 30 மைல் வேகத்திலேயே நடக்கக்கூடும்.

டயர் பட்டன் ஆழம் குறைந்தது முன் சக்கரத்துக்கு அங்குலத்தில் 32-இல் 4 பங்கு, மற்றவற்றுக்கு 32-இல் 2 பங்கு. ஸ்டியரிங் ப்ளே, அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் ஆடும் அளவு, 10 டிகிரியைத் தாண்டக் கூடாது. 20 அங்குல வளையத்தில் அது ஓரத்தில் சுமார் 2 அங்குல ஆட்டம். லீஃப் ஸ்பிரிங்கில் நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தகடுகள் உடைந்தோ காணாமலோ இருந்தால் வண்டி சாலையில் இறங்கக் கூடாது. கடும் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது 100 மைலுக்கு ஒருமுறை டயரைப் பார்க்க வேண்டும். சூடேறி அழுத்தம் கூடியிருந்தால் காற்றை இறக்கிவிடக் கூடாது. ஆறியதும் அழுத்தம் குறைந்துபோகும். கைப்பழக்கத்தில் காற்றை இறக்கிவிடும் அனுபவசாலிகள் இந்தக் கேள்வியில்தான் கோட்டை விடுவார்கள்.

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இருபது வருஷம் டாரஸ் லாரி ஓட்டியவராக இருந்தாலும் இந்தத் தாளில் அந்த அனுபவம் பாதி உதவும், பாதி கவிழ்க்கும். காலி வண்டி சுலபமாக நிற்கும் என்று கை சொல்லும். கையேடு நேர் எதிராகச் சொல்கிறது. லோடு ஏற்றிய வண்டிக்காகவே அமைத்த பிரேக்கும் ஸ்பிரிங்கும் காலி வண்டியில் விறைப்பாக இருக்கும். சக்கரம் துள்ளும், பிடிப்பு குறையும், பூட்டிக்கொள்ளும். எனவே காலி வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும். தேர்வறையில் கையேடு சொல்வதுதான் விடை. சொல்லப்போனால் இந்திய லைசென்ஸை இங்கே மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. கனடா, மெக்சிகோ வணிக உரிமங்களை மட்டும்தான் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். முதலில் அந்தந்த மாநிலத்தின் சாதாரண கார் லைசென்ஸ் வேண்டும், அதன்மேல்தான் பெர்மிட்.

முக்கோண எச்சரிக்கைப் பலகை பற்றி ஒரு கேள்வியாவது வரும். வண்டி நின்ற 10 நிமிடத்துக்குள் வைத்துவிட வேண்டும். ஒருவழிச் சாலை, நடுவில் தடுப்புள்ள சாலை என்றால் பின்னாலிருந்து வரும் போக்குவரத்தை நோக்கி 10, 100, 200 அடியில் மூன்றும். இருவழிச் சாலை என்றால் வண்டிக்கு 10 அடியில் ஒன்று, பின்னால் 100 அடியில் ஒன்று, முன்னால் 100 அடியில் ஒன்று. வளைவோ மேடோ மறைத்தால் பின்பக்கத்தது 500 அடிக்குள் தேவையான தூரம் வரை போகும். எண்களைத் தனியாக உருப்போட்டால் குழம்பும். ஒரு தாளில் சாலையை வரைந்து மூன்று புள்ளி வைத்துப் பார்த்தால் மறக்காது. பலகையை எடுத்து நடக்கும்போது எதிரே வரும் வண்டிகளுக்கும் உங்களுக்கும் நடுவில் அதைப் பிடித்தபடி நடக்க வேண்டும் என்ற சின்ன விவரமும் கேள்வியாக வரும்.

மலை இறக்கம் பற்றிய வரிகளை இரண்டு முறை படியுங்கள். சரியான கியருக்கு இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். பாதுகாப்பான வேகம் 40 என்றால், 40-ஐத் தொட்டதும் நன்றாக அழுத்திப் பிரேக் போட்டு 35-க்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும்; அழுத்தும் நேரம் மூன்று வினாடி அளவு. மறுபடி 40 வந்தால் மறுபடி. லேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்குவது பிரேக்கைச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்யும். விடைகளில் "லேசாகத் தொடர்ந்து அழுத்துவது" பார்க்க நல்ல பிள்ளைபோல இருக்கும், ஏமாறாதீர்கள்.

முதல் பகுதி வறட்சியானது, ஆனால் கொஞ்சம் படித்தாலே மதிப்பெண் தரும். இரத்தத்தில் மதுவின் அளவு 0.04 சதவீதத்தை எட்டினாலே குற்றம். அதற்குக் கீழே ஏதாவது இருந்தாலும் 24 மணி நேரம் ஓட்டக் கூடாது. போக்குவரத்துத் தண்டனை பெற்றால் 30 நாளுக்குள் முதலாளிக்குச் சொல்ல வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கடந்த 10 வருட ஓட்டுநர் வேலை விவரம் தர வேண்டும். மூன்றாம் பகுதியில் சரக்கு கட்டுவது: 10 அடிக்கு ஒரு கட்டு, எவ்வளவு சின்னச் சரக்கானாலும் குறைந்தது இரண்டு. கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் சரக்கின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும். புறப்பட்ட முதல் 50 மைலுக்குள் ஒருமுறை, பிறகு 150 மைல் அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஏர் பிரேக்: புத்தகத்தின் சிறந்த அத்தியாயம், மோசமான அத்தியாயமும்

விஷயம் துல்லியமாக இருப்பதால் சிறந்தது. கருவிகளை ஒவ்வொன்றாக விளக்கிவிட்டு, சோதனையைப் பல பக்கம் தள்ளி வைத்திருப்பதால் மோசமானது. தலைகீழாகப் படியுங்கள்: முதலில் சோதனை, பிறகு கருவிகள்.

சோதனையை ஒரே ஓட்டமாக மனதில் ஓட்டிப் பாருங்கள். அழுத்தமானி ஏறுகிறது, 125 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தம்) அளவில் கவர்னர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி காற்றடிக்கும் கம்ப்ரஸரை நிறுத்துகிறது, 100 அளவுக்கு இறங்கினால் மறுபடி ஓடவிடுகிறது. இரட்டை ஏர் அமைப்பில் 85-லிருந்து 100-க்கு ஏற 45 வினாடிக்கு மேல் ஆகக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டுக் கசிவு பார்க்க வேண்டும். கால் வைக்காமல் ஒரு நிமிடத்தில் ஒற்றை வண்டிக்கு 2, டிரெய்லர் சேர்ந்த வண்டிக்கு 3 பிஎஸ்ஐ வரை இறங்கலாம். பெடலை அழுத்தி, முதலில் விழும் வீழ்ச்சி நின்றபின் ஒரு நிமிடம் பார்த்தால் 3, 4. அதாவது 2-3, 3-4. இந்த ஜோடியைப் பிடித்துக்கொண்டால் நாலு கேள்வி கையில். அடுத்து சாவியைத் திருப்பி பெடலை மிதித்து மிதித்துக் காற்றைத் தீர்க்க வேண்டும். 55-க்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை வர வேண்டும். இன்னும் இறக்கினால் 20-க்கும் 45-க்கும் இடையில் கேபினில் உள்ள பிரேக் குமிழ்கள் தானாக வெளியே தெறிக்கும், ஸ்பிரிங் பிரேக் பிடித்துக்கொள்ளும். கம்ப்ரஸர் பக்கம் ஏதாவது கோளாறாகி அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் 150-இல் பாதுகாப்பு வால்வு திறக்கும்.

காற்று இல்லையென்றால் பிரேக் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். ஸ்பிரிங் பிரேக்கில் நேர் எதிர். காற்று ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது. காற்று போனால் ஸ்பிரிங் பாய்ந்து பிடிக்கிறது. இந்த ஒரு வாக்கியம் புரிந்தால் அத்தியாயத்தில் பாதி புரிந்த மாதிரி. பார்க்கிங் பிரேக் போட்டபடியே கால் பிரேக்கையும் அழுத்தக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான்: ஸ்பிரிங்கின் விசையும் காற்றின் விசையும் ஒன்றுசேர்ந்து பிரேக்கைச் சேதப்படுத்தும். பிரேக்கின் தளர்வைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைக் கையால் இழுத்துப் பார்த்தால், அதைத் தள்ளும் தண்டான புஷ்ராட் இணையும் இடத்தில் சுமார் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. ஏர் டேங்கில் சேரும் தண்ணீரையும் எண்ணெயையும் வடிக்க வேண்டும். கையால் திறக்கும் வால்வு என்றால் தினமும் ஓட்டம் முடிந்ததும்.

காம்பினேஷன்: படம் பார்க்காமல் படிக்காதீர்கள்

ஆறாம் பகுதியில் டிரெய்லரை மாட்டுவதும் கழற்றுவதும் படிப்படியாக இருக்கிறது. எழுத்தில் மட்டும் படித்தால் தலை சுற்றும். இழுவண்டியின் மேலுள்ள இணைப்புத் தட்டான ஃபிஃப்த் வீலும் டிரெய்லரின் அடியில் இருக்கும் இணைப்பு முளையான கிங்பின்னும் பூட்டிக்கொள்வதை ஏதாவது வீடியோவில் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் வரிகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். பின்னால் போய் மாட்டும் முன் டிரெய்லரின் உயரம் எப்படி இருக்க வேண்டும்? இழுவண்டி உள்ளே நுழையும்போது லேசாக மேலே தூக்கப்படும் அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். ரொம்பத் தாழ்ந்தால் முகப்பில் இடிக்கும், ரொம்ப உயர்ந்தால் சரியாகப் பூட்டாது.

மாட்டிய பிறகு டார்ச் எடுத்துக் கீழே புகுந்து பார்க்க வேண்டும் என்கிறது கையேடு. பார்க்க வேண்டியவை இரண்டு. மேல் தட்டுக்கும் கீழ் தட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கவே கூடாது. தாடைகள் கிங்பின்னின் தலையை அல்ல, தண்டைச் சுற்றிப் பூட்டியிருக்க வேண்டும். தேர்வில் "இடைவெளி எவ்வளவு இருக்கலாம்?" என்று கேட்டு அரை அங்குலம், ஓர் அங்குலம் என்றெல்லாம் விடைகளை அடுக்கியிருப்பார்கள், விடை, துளியும் கூடாது.

காற்றுக் குழாய்களில் சிவப்பு எமர்ஜென்சி, டிரெய்லர் டேங்கை நிரப்புவது; நீலம் சர்வீஸ், கால் பிரேக்குக்கானது. மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி அழகானது. டிரெய்லர் டேங்குக்குப் போக வேண்டிய காற்று சர்வீஸ் குழாய்க்குள் போகும், டேங்க் நிரம்பாது, டிரெய்லரின் ஸ்பிரிங் பிரேக் விடுபடாது, வண்டி நகராது. ஸ்பிரிங் பிரேக் இல்லாத பழைய டிரெய்லர் என்றால் இன்னும் ஆபத்து: வண்டி பாட்டுக்கு நகர்ந்துவிடும், டிரெய்லருக்குப் பிரேக்கே இருக்காது. கேபினில் இருக்கும் குமிழ்களில் எட்டுமூலை கொண்ட சிவப்பு டிரெய்லருக்கான காற்று, மஞ்சள் டைமண்ட் பார்க்கிங். கைவால்வு டிரெய்லர் பிரேக்கைச் சோதிக்க மட்டும். அதைப் போட்டு வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது, சறுக்கும் டிரெய்லரை நேராக்கவும் தொடக் கூடாது.

ஆப்கள்: இரண்டரை நட்சத்திரம்

இலவசத் தளமோ மாதச் சந்தாவோ, எல்லாவற்றிலும் ஒரே நோய். கேள்வி வங்கி சிறியது, திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றாம் சுற்றில் கண் கேள்வியைப் படிப்பதற்கு முன்பே விரல் விடைக்குப் போய்விடும். நீளமான விடை, இரண்டாவது விடை என்று அதன் உருவம்தான் நினைவிலிருக்கும். ஆப்பில் 98 சதவீதம் வாங்கியவர் அரசு அலுவலகத்தில் 72 வாங்குவது இப்படித்தான். அங்கே கேள்வியின் வாசகம் வேறு. "இவற்றில் எது சரியல்ல", "இதைத் தவிர" என்ற சொற்கள் உள்ளே ஒளிந்திருக்கும்.

இரண்டாவது நோய் பழைய எண்கள். காற்றழுத்த எச்சரிக்கைக்கு 60 பிஎஸ்ஐ என்று சொல்லும் கேள்வி வங்கிகள் இன்னும் உலவுகின்றன. பழைய கையேடுகளில் அப்படித்தான் இருந்தது, புதியவற்றில் 55. உங்கள் மாநிலத்தின் இப்போதைய பதிப்பில் எது அச்சாகியிருக்கிறதோ அதுதான் உங்கள் விடை. காசு கட்டும் முன் ஆப்பில் இந்த ஒரு கேள்வியைத் தேடிப் பாருங்கள். கையேட்டோடு முரண்பட்டால் அப்போதே அழித்துவிடலாம். தவறான விடைக்குக் காரணம் சொல்லி, கையேட்டின் எந்தப் பகுதி என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். வெறும் பச்சை, சிவப்பு நிறம் மட்டும் காட்டினால் அது விளையாட்டுப் பொருள். இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் சந்தா தானாக ஓடத் தொடங்குவதையும் கவனிக்க வேண்டும். கையேட்டின் பிடிஎஃப்-ஐயே விலைக்கு விற்கும் தளங்களும் உண்டு. மாநில உரிம அலுவலகத்தின் தளத்தில் அது சும்மா கிடைக்கிறது.

அப்படியானால் ஆப் எதற்கு? அளப்பதற்கு. ஒரு பகுதியைக் கையேட்டில் படித்து முடித்த மறுநாள், முன்பு பார்க்காத ஒரு தேர்வை ஒரே ஒருமுறை எழுதுங்கள். தவறியவற்றை ஆப்பிலேயே திருத்தாமல் கையேட்டில் அந்த வரியைத் தேடிப் பிடித்துக் கோடு போடுங்கள். கையேட்டிலேயே சில உட்பிரிவுகளுக்கு ஒருமுறை சிறு கேள்விப் பெட்டி இருக்கிறது. விடை தரப்படாததால் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். புத்தகத்தின் மிக உபயோகமான இடம் அதுதான். வாய்விட்டுப் பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பிரிவு முடிந்தது. தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் பத்து நாள்: இரண்டாம் பகுதிக்கு மூன்று, ஒன்றுக்கும் மூன்றுக்கும் சேர்த்து ஒன்று, ஏர் பிரேக்குக்கு மூன்று, காம்பினேஷனுக்கு இரண்டு, கடைசி நாள் கோடு போட்ட வரிகளுக்கு மட்டும்.

ஆன்லைன் தியரி வகுப்பு: நல்லதுதான், ஆனால் இப்போது இல்லை

2022 பிப்ரவரி 7 முதல் இஎல்டிடி என்ற நுழைவுநிலைப் பயிற்சி கட்டாயம். இதைக் காட்டி "இது இல்லாமல் பெர்மிட் கிடைக்காது" என்று விற்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஏ, பி வகுப்புக்கு அது தேவைப்படுவது ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு முன்னால்தான். தியரி தேர்வில் 80 சதவீதம் எடுத்தாலும் மாநிலத்தின் எழுத்துத் தேர்வு தனியாக எழுதியே ஆக வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. வகுப்பு நடத்துபவர் மத்திய அரசின் பயிற்சியாளர் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் முடித்தது எங்கும் பதிவாகாது. ஓட்டப் பயிற்சிக்குப் பள்ளியில் சேரப்போகிறவர்களுக்குத் தியரியும் பெரும்பாலும் அதே கட்டணத்தில் அடங்கும் என்பதால், முன்கூட்டியே தனியாக வாங்குவது இரட்டைச் செலவு. பெர்மிட்டுக்கான உதவி என்ற அளவில் மட்டும் பார்த்தால் மூன்று நட்சத்திரம்.

மொழி விஷயத்தில் ஒரு வார்த்தை. எழுத்துத் தேர்வைச் சில மாநிலங்கள் வேறு மொழிகளிலும் நடத்தியிருக்கின்றன. ஆனால் ஓட்டும் தேர்வு ஆங்கிலத்தில்தான். 2025 ஜூன் 25 முதல் சாலைச் சோதனையில் ஆங்கிலத்தில் பேசவோ பலகையைப் படிக்கவோ முடியாத ஓட்டுநரை அங்கேயே இறக்கிவிடலாம் என்ற நிலை. எனவே விளக்கத்தைத் தமிழில் கேட்டுப் புரிந்துகொண்டாலும் உறுப்புகளின் பெயரை ஆங்கிலத்திலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களுக்கான விதிகள் 2025 செப்டம்பரிலிருந்து இறுக்கப்பட்டு வருகின்றன. விசாவில் இருப்பவர்கள் புத்தகத்தைத் திறக்கும் முன் உரிம அலுவலகத்தில் தகுதியைக் கேட்டுவிடுவது நல்லது.

போகும் நாளில்

படிப்பில் தவறுவதைவிட ஆவணம் இல்லாமல் திரும்பி வருபவர்கள் அதிகம் என்று சொல்லத் தோன்றும். டிஓடி (மத்தியப் போக்குவரத்துத் துறை) மருத்துவச் சான்றிதழ் மத்தியப் பதிவேட்டில் உள்ள மருத்துவப் பரிசோதகரிடம்தான் வாங்க வேண்டும். அதிகபட்சம் 24 மாதம் செல்லும். 2025 ஜூன் 23 முதல் பரிசோதகரே மின்னணு முறையில் அனுப்பும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆனாலும் காகிதப் பிரதி கையில் இருக்கட்டும். மாநிலத்துக்குள்ளா, மாநிலம் விட்டு மாநிலமா, எந்த வகையில் ஓட்டப் போகிறீர்கள் என்று உறுதிமொழிப் படிவத்தில் குறிக்க வேண்டும். 21 வயது ஆகாதவர்கள் பொதுவாக மாநிலத்துக்குள் மட்டும்தான் ஓட்டலாம்.

மூன்று தாளில் எதை முதலில் எழுதுவது என்று தேர்ந்தெடுக்க விட்டால், ஏர் பிரேக்கை முதலில் எடுங்கள். எண்கள் மூளையில் சூடாக இருக்கும்போதே முடித்துவிடலாம். ஆனால் சில இடங்களில் ஜெனரல் நாலெட்ஜில் தேறினால்தான் மற்றவை. சந்தேகமான கேள்வியைத் தாண்டிவிட்டுக் கடைசியில் வரும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். பின்னால் வரும் கேள்வி முன்னதற்கு விடையைக் காட்டிக்கொடுப்பதுண்டு.

பெர்மிட் கிடைத்த நாளிலிருந்து 14 நாள் கழியாமல் ஓட்டும் தேர்வுக்குப் போக முடியாது. அதுவரை பொதுச் சாலையில் ஓட்டும்போது அதே வகுப்பு சிடிஎல் உள்ளவர் பக்கத்து இருக்கையில் இருந்தாக வேண்டும். அட்டையை வாங்கியதும் பையில் போடாமல் கவுண்டரிலேயே திருப்பிப் பாருங்கள். கட்டுப்பாடு என்ற இடத்தில் எல் என்ற எழுத்து இருந்தால், ஏர் பிரேக் உள்ள வண்டியை உங்களால் ஓட்ட முடியாது. ஏர் பிரேக் தாளில் தேறியும் அந்த எழுத்து விழுந்திருந்தால் அங்கேயே நின்று திருத்தி வாங்குங்கள். வெளியே வந்த பிறகென்றால் மறுபடி ஒரு வரிசை.